ரேகா நினைவு வாசிப்பறை

கார் வீரவநல்லூர் தாண்டிவிட்டதாம். ஞானதுரை மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்துச் சொன்னார், என்னமோ நான்தான் பத்து தரம் கேட்ட மாதிரி. நான் கேட்கவே இல்லை. வீரவநல்லூர் என்றால் இருபது நிமிஷம். கல்லிடைக்குறிச்சி வரும், அப்புறம் ஆற்றுப்பாலம், பாலத்தைத் தாண்டினால் அம்பை, அம்பையில் இந்தப் பெண்கள் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் இந்த மேடை, மேடையில் நான். பாலத்தில் வரும்போது ரேகாவின் அம்மா இல்டிகோ ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பாளா? இதுதான் மேடம் தாமிரபரணி என்று டிரைவர் சொல்லிவிடுவாரோ? சொல்லாமல் இருந்தால் நல்லது. சொல்லாவிட்டால் மட்டும் என்ன, பெற்றவளுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் கஞ்சி போட்ட சட்டையின் கைமடிப்பை நீவிக்கொண்டே இருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் நேசக்கரம் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், இப்போது ஞானதுரை. தலைவர் மாறினாலும் பேனர் மாறவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு கைகள், அதற்குக் கீழே இன்றைக்குப் புதிதாக ‘ரேகா நினைவு வாசிப்பறை திறப்பு விழா’, அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘இலவசக் கண் பரிசோதனை முகாம்’. ஒரே நாளில் இரண்டு காரியத்தையும் முடித்துவிடுவது சங்கத்தின் வழக்கம். வராண்டாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்குகிற எழுத்துகளை வாசிக்கிறார்கள். சத்தம் இங்கே வரை கேட்கிறது. ப, ம, ட. கடைசி வரி தெரியுதா? தெரியலை டீச்சர். நல்லாப் பாரு. தெரியலை டீச்சர். அந்தப் பிள்ளை தலையை ஆட்டுகிறாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். யாராவது தலையை ஆட்டினால் நான் பார்ப்பதில்லை, அது பழகிவிட்டது, காய்காரி ஆட்டினாலும் கோயில் குருக்கள் ஆட்டினாலும் என் கண் தானாகக் கீழே போய்விடும்.

தலைதான். எல்லாம் தலையில்தான் வந்து நிற்கிறது. ரேகா எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், ஆவணி மாசம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாருடைய தலையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறு வயசு. ஹங்கேரிக்காரப் பிள்ளை, ஆனால் பேர் ரேகா. அவர்கள் நாட்டிலும் அப்படி ஒரு பேர் உண்டாம், நாங்கள் நம்பவில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினாள். அப்பாவை அவர்கள் பாஷையில் ‘அபா’ என்பார்களாம், அதனால் முதல் நாளே என் வீட்டுக்காரரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள், மனுஷன் அன்றைக்கு முழுக்க எங்கள் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னை வடிவம்மா என்றாள். என் பேர் சண்முகவடிவு, அவள் வாயில் அது நுழையவில்லை. சங்கத்தில் அதை இளைஞர் பரிமாற்றம் என்பார்கள். அவள் எங்கள் வீட்டில் ஒரு வருஷம், எங்கள் மகள் காந்திமதி அவள் வீட்டில், அவள் அறையில், அவள் அம்மா இல்டிகோவிடம் ஒரு வருஷம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் விமானம் ஏறினார்கள். மதி போன வெறுமை ஆறு நாள்தான் இருந்தது, ஏழாம் நாள் இந்தப் பிள்ளை வந்து அதே கட்டிலில் படுத்துக்கொண்டாள். வடிவம்மா, நீங்கள் எல்லாம் தலையை இப்படி ஆட்டுகிறீர்களே, அது ஆமாமா இல்லையா என்று கேட்டாள். ஆமாம்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் இப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம், அப்படியானால் நான் ஒரு வாரமாக எல்லாரும் எனக்கு இல்லை இல்லை என்று சொல்வதாக நினைத்துப் பயந்துபோயிருந்தேன் என்றாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தலையை மட்டும் பக்கத்துக்குப் பக்கம், தஞ்சாவூர் பொம்மை மாதிரி. இன்னும் கொஞ்சம் லேசா ஆட்டணும்ட்டி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான்தான். அதை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன், சொல்லிக்கொடுத்தது நான். இங்கே தலை அசைந்தால் ஆமாம், வடிவம்மா, எனக்குத் தெரியும், நான் இப்போது தமிழச்சி. அவள் அப்படிச் சொன்னது இங்கிலீஷிலா தமிழிலா? பாதி பாதி. தமிழச்சி என்பது மட்டும் தமிழில்.

‘கல்லிடைக்குறிச்சி’ என்கிறார் ஞானதுரை. இவருக்கு என்ன, ரயில் நிலையத்தில் அறிவிக்கிற மாதிரி. வாயில் சணல் ருசி. அது வந்தால் அவ்வளவுதான், தண்ணீர் குடித்தாலும் போகாது, பாக்கு போட்டாலும் போகாது. ஈரச் சணல், கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனை, நாக்கில் நார் நாராக. தை மாசம் இரண்டாவது ஞாயிறு. ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் சங்கத்துக்கு ஆற்று வேலை. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு உடுத்தியிருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்கள், தோஷம் அதோடு போய்விடும் என்று. துணி எங்கே போகும், பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும். வேட்டி, சேலை, பாவாடை, குழந்தைச் சட்டை. அதை இழுத்துச் சாக்கில் கட்டிக் கரையேற்றுவதுதான் வேலை. தண்ணீரில் கிடந்த துணி என்ன கனம் கனக்கும் என்று இழுத்தவர்களுக்குத்தான் தெரியும், ஓர் ஆளை இழுக்கிற மாதிரி இருக்கும். இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. ரேகாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கையில் ஆரஞ்சு நிற உறை, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இது யாருடைய துணி, ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள். பாவத்தை விட்டுட்டுப் போறாங்க என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அப்படியானால் நாம் மற்றவர்கள் பாவத்தையா பொறுக்குகிறோம் என்று சிரித்தாள். அன்றைக்குத் தண்ணீர் கூடுதல், மேலே அணையில் திறந்துவிட்டிருந்தார்கள், ஆனால் படித்துறைப் பக்கம் முழங்காலளவுதான். பதினாலு சாக்கு கட்டியாகிவிட்டது. பதினைந்தாவது சாக்கின் வாயைக் கூட்டிப் பிடித்து நான் சணலால் கட்டிக்கொண்டிருந்தேன், கயிற்றின் ஒரு முனை என் பல்லில். சூரியன் நேர் எதிரே. அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். வடிவம்மா! நிமிர்ந்து பார்த்தேன். ஆற்றுக்குள் ஐந்தாறு ஆள் நீளம் தள்ளி ஒரு பாறை, அதில் ஒரு சிவப்புச் சேலை சுற்றிக்கொண்டு முந்தி மட்டும் நீரில் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. அவள் அதைக் காட்டி, தமிழில், சுத்தமான தமிழில் கேட்டாள்: போகவா?

நான் தலையை ஆட்டினேன். பல்லில் கயிறு. கயிற்றை விட்டால் சாக்கு அவிழ்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது, வாயைத் திறந்தால் போதும், சாக்கு அவிழ்ந்தால் என்ன, ஊரான் வீட்டு அழுக்குத் துணிதானே, அவிழ்ந்து சிதறினால் மறுபடி கட்டியிருக்கலாமே. திறக்கவில்லை. தலையை ஆட்டினேன். இப்படியும் அப்படியும். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். வேண்டாம் என்றுதான். அவள் பார்த்தாள், சிரித்தாள், அவளும் பதிலுக்குத் தலையை அதே மாதிரி ஆட்டினாள், கண்ணாடி முன்னால் பழகின அதே ஆட்டு, பாறையைப் பார்த்துத் திரும்பினாள். நான் குனிந்து முடிச்சைப் போட்டேன். முடிச்சைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்தபோது சேலை பாறையில் இல்லை, ரேகாவும் இல்லை. ஆரஞ்சு உறை ஒன்று மட்டும் சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் கழித்து, மருதமரத்து வளைவுக்குக் கீழே எடுத்தார்கள். சேலை அவள் காலோடு சுற்றியிருந்தது. அதை யார் அவிழ்த்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் வாயில் அந்தச் சணல் துண்டு அப்போதும் இருந்தது என்றும், என் வீட்டுக்காரர்தான் விரலை விட்டு அதை எடுத்தார் என்றும் பிற்பாடு சொன்னார்கள்.

அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்து. கேட்டா, நான் தலையை ஆட்டினேன், நான்தான் போகச் சொல்லிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப்போனார். வடிவு, இத இன்னொரு ஆளுட்ட சொல்லாத. நம்ம பிள்ள இப்ப எங்க இருக்கா? அவ வீட்டுல இருக்கா. அந்தப் பொம்பளைக்கு இன்னும் விஷயமே தெரியாது. தெரியும்போது, உம்பிள்ளைய ஆத்துல இறங்கச் சொன்னது நாந்தான்னு நீ சொன்னேன்னா, அவ நம்ம மதிய என்ன செய்வா? அவள் ஒன்றும் செய்ய மாட்டாள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது. அங்கே இன்னும் விடியவில்லை, பனி பெய்துகொண்டிருந்திருக்கும், ரேகாவின் கட்டிலில் மதி தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். அவர் போனில் சொன்னார். பிறகு சங்கத்தின் காகிதத்தில் கடிதமும் எழுதினார். நாங்கள் யாரும் கவனிக்காத நேரத்தில், யாரிடமும் கேட்காமல், தங்கள் மகள் தானாகவே ஆழமான பகுதிக்குச் சென்றுவிட்டாள் என்பதை மிகுந்த வேதனையுடன். போலீஸிலும் அதையேதான் எழுதினார்கள். நான் இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன், சண்முகவடிவு என்று முழுசாக, புள்ளி விடாமல்.

இல்டிகோ என்ன செய்தாள் என்று மதி ஒரே ஒரு தரம் சொன்னாள், அதற்கப்புறம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது ஓசூரில் வேலை, இன்றைக்கு வரச் சொன்னதற்கு லீவு கிடைக்கவில்லை என்றாள், காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் இல்டிகோ மதி இருந்த அறைக் கதவைத் தட்டினாளாம். சொந்த மகளின் அறை. தட்டிவிட்டு, வெளியே நின்றுகொண்டு, நான் உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய கம்பளிச் சட்டையை எடுத்து, இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று அதையும் மதியிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனாளாம். நாலாம் நாள் மதியின் பெட்டியை அவளே அடுக்கி, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய், போகிற வழியில் குளிருமென்று தன் தொப்பியைக் கழற்றி இவள் தலையில் வைத்து அனுப்பினாளாம். அதே விமான நிலையத்தில் அன்றைக்கு மத்தியானம் வேறொரு விமானத்தில் ரேகாவின் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. என் பிள்ளையை ஏற்றிவிட்டுத் தன் பிள்ளையை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தாள். நான் மதுரையில் காத்திருந்தேன், கையில் பூவோடு. மதி நடந்து வந்தாள். நடந்து வந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், கட்டிக்கொண்ட நிமிஷத்தில் அவள் தோளுக்குப் பின்னால் ஆரஞ்சு உறை போட்ட ஒரு கை தெரிந்தது, டிராலி தள்ளுகிறவருடைய கை, வெறும் கைதான், அது எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் எப்போது எதைப் பார்த்தாலும் இப்படித்தான். கொடியில் சிவப்புச் சேலை காய்ந்தால் உள்ளே போய்விடுவேன். ஆற்றுப் பக்கம் போகவேயில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கு வளைகாப்பு என்று கல்லிடைக்குறிச்சிக்குக் கூப்பிட்டாலும் பாலம் தாண்ட வேண்டுமே என்று போகமாட்டேன். யாராவது நடுவீட்டில் நின்று போகவா என்று கேட்டால், கடைக்குப் போகவா, குளிக்கப் போகவா, எதுவானாலும் போ போ என்று கத்திவிடுவேன், அல்லது போகாதே என்று. இல்டிகோவிடம் சொல்ல மூன்று வரி தயார் செய்து வைத்திருக்கிறேன், இங்கிலீஷில், மதியின் பழைய அகராதியைப் பார்த்து. அவள் என்னிடம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நான் வேண்டாம் என்று சொன்னேன், அவள் சரி என்று புரிந்துகொண்டாள். மூன்றாவது வரிதான் இடறும். அடுப்படியில் நின்று சொல்லிப்பார்க்கும்போது முதல் இரண்டும் சரளமாக வரும், மூன்றாவதில் நாக்கு மடங்கும். இலக்கணம் இல்லை, வேறென்னவோ. ஏனென்றால் இன்னொன்று இருக்கிறது, அடியில், அதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. நான் வேண்டாம் என்றுதான் ஆட்டினேனா? பதினாலு சாக்கு முடிந்துவிட்டது, பதினைந்தாவதும் முடியப்போகிறது, வெயில் ஏறுகிறது, இட்லி ஆறிப்போய்க் கிடக்கிறது, கடைசியாக அந்த ஒரு சேலைதான் பாக்கி, அதையும் எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அந்த நொடியில் எனக்குள் ஒன்று ஓடவில்லையா? சரி, எடுத்துட்டு வா என்றுதான் தலை ஆடியதோ? ஆடின தலை என்னுடையது, ஆனால் எதற்கு ஆடியது என்று என்னையே கேட்டால் எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் தரம் ஆட்டிப் பார்த்தாகிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

‘வந்துட்டாங்க, வந்துட்டாங்க!’ பிள்ளைகளின் வரிசை கலைகிறது. என் வீட்டுக்காரர் எழுந்திருக்குமுன் என் பக்கம் குனிந்து, ‘வடிவு, இன்னைக்குப் பேசாம இரி. அவளே மனசத் தேத்திக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கா. கிளறாத’ என்கிறார். கார்க் கதவு திறக்கிறது. நான் நினைத்ததைவிடக் குள்ளம். கட்டையாக வெட்டின நரைமுடி, சாம்பல் நிறச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. சங்கத்துப் பெண்கள் ஆரத்தி எடுக்க, நெற்றியில் வைத்த குங்குமத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்கிறாள். ஞானதுரை பொன்னாடையைப் போர்த்துகிறார். அவள் அவரைத் தாண்டிப் பார்க்கிறாள், என் வீட்டுக்காரரைத் தாண்டிப் பார்க்கிறாள், படியேறி வந்து என் முன்னால் நிற்கிறாள். ரேகாவின் கண் இவளுடையதுதான், சாம்பலும் பச்சையும் கலந்தது, எனக்கு இது யாருமே சொல்லவில்லையே, யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா.

“மதி நன்றாக இருக்கிறாளா?” என்று கேட்டாள்.

இங்கிலீஷில்தான் கேட்டாள். இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை, அதனால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. நன்றாக இருக்கிறாள் என்றேன். நல்லது, நல்லது என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு முகம் கழுவ வேண்டும், பயணத்தில் தலை வலிக்கிறது என்றாள். யாரும் அசையுமுன், ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறை வரைக்கும் வந்தது. உள்ளே யாரும் இல்லை. மேஜையில் உலக உருண்டை, மூலையில் விளையாட்டுக் கோப்பைகள். அவள் குழாயைத் திறந்து குங்குமத்தைக் கழுவாமல் கன்னத்தை மட்டும் கழுவினாள். நான் துண்டை நீட்டினேன். வாயில் சணல். இப்போது சொல்லாவிட்டால் ரிப்பனை வெட்டிவிடுவாள், சாப்பிட்டுவிடுவாள், காரில் ஏறிப் போய்விடுவாள், நான் சாகிற வரைக்கும் அடுப்படியில் நின்று மூன்று வரியைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

“ரேகா என்னிடம் கேட்டாள்” என்றேன்.

அவள் துண்டிலிருந்து முகத்தை எடுத்தாள்.

“அந்தப் பாறைக்குப் போகவா என்று கேட்டாள். எங்கள் பாஷையில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். என் வாயில் கயிறு இருந்தது.”

“எப்படி ஆட்டினாய்?”

அதை அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. அகராதியில் அதற்கு இடமில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன், கையைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டினேன். இப்படியும் அப்படியும். பிறந்ததிலிருந்து ஆட்டுகிற ஆட்டு. அவள் என் கழுத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள்.

“இது இல்லையா, ஆமாமா?”

மூன்றாவது வரி. நான் வேண்டாம் என்று சொன்னேன். அது தயாராக இருந்தது, நாக்கு நுனியில், பதினோரு வருஷம் பழகினது. “எனக்குத் தெரியவில்லை” என்றேன். “இல்லை என்றுதான் நினைத்தேன் என்று எல்லா நாளும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தெரியவில்லை. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவள் கேட்டாள், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. என் கணவர் எழுதின கடிதம் பொய். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். மதி உன் வீட்டில் இருந்தாள், அதனால் பயந்தோம். அவள் வந்த பிறகும் சொல்லவில்லை.”

இல்டிகோ தலைமையாசிரியையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். விழுந்த மாதிரி உட்கார்ந்தாள், உலக உருண்டை லேசாக ஆடியது. வெளியே பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை இன்னொரு தரம் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நினைத்தேன், போலீஸைக் கூப்பிடுவாள், மேடையில் போய்க் கத்துவாள். அவள் என்னைப் பார்க்காமல், மேஜைமேல் விரித்திருந்த துணியின் பூ வேலையைப் பார்த்துக்கொண்டு, “கேட்டாளா?” என்றாள்.

“கேட்டாள்.”

“நிச்சயமாக?”

“நிச்சயமாக. போகவா என்று. சத்தமாக.”

அவள் வாய் கோணியது. அழுகிறாள் என்று நினைத்தேன், அது அழுகை மட்டும் இல்லை. “உனக்குத் தெரியுமா,” என்றாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, “நான் கல்லறைக்குப் போவேன். ஒவ்வொரு ஞாயிறும். மற்றவர்கள் பூ வைப்பார்கள். நான் திட்டுவேன். யாரையும் கேட்காமல் ஏன் போனாய் என்று திட்டுவேன். சின்னதிலிருந்தே கேட்காமல் ஒரு மிட்டாய் எடுக்கமாட்டாள், எல்லாவற்றுக்கும் கேட்பாள், எனக்கு எரிச்சலாகக்கூட வரும். உங்கள் நாட்டுக்குப் போனதும் இவள் மாறிவிட்டாள், என் பேச்சை மறந்துவிட்டாள், திமிரில் செத்துப்போனாள் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் என் பிள்ளைமேல் கோபமாக இருந்தேன்.” துண்டைக் கொடியில் போடுகிற மாதிரி நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள், ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். “அவள் கேட்டிருக்கிறாள்.”

நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல அகராதி தேவையில்லை, அந்த வார்த்தை எல்லாருக்கும் தெரியும், ஆனால் வரவில்லை, அதைக் கேட்பதற்கு எனக்கு என்ன இருக்கிறது. அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். கட்டிக்கொள்வாள் என்று ஒரு நொடி, வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன்.

“இனிமேல் நான் உன்மேல் கோபமாக இருப்பேன்” என்றாள். “எவ்வளவு நாள் என்று தெரியாது.”

“சரி” என்றேன்.

“உன் கணவர்மேல் இன்னும் அதிகமாக.”

“சரி.”

கதவை அவளே திறந்தாள். ரிப்பன் வெட்டினாள். வாசிப்பறையில் புதுப் பெயின்ட் வாசனை, அலமாரியில் புத்தகங்கள் இன்னும் அட்டைப் பெட்டியின் மணத்தோடு, சுவரில் ரேகாவின் படம், மாலை. அவள் படத்தின் முன்னால் நின்று அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள், மெதுவாக, நாலைந்து வார்த்தை, திட்டு இல்லை. பிறகு மேடைக்கு வந்தோம். ஞானதுரை அவளை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார். கைதட்டணும், அவங்க ஒவ்வொண்ணு சொன்னதும் தட்டணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

“என் மகள் தண்ணீரில் இறங்கும் முன்னால் அனுமதி கேட்டாள்” என்றாள் இல்டிகோ.

ஞானதுரைக்கு அது என்ன என்று விளங்கவில்லை. ஒரு நொடி தயங்கினார். பிறகு சொன்னதைச் சொன்னபடி தமிழில் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவள். இதை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நன்றி.”

மறுபடியும் கைதட்டல், முன்னைவிடப் பலமாக, பின்வரிசையில் ஒரு பிள்ளை விசிலடித்து டீச்சரிடம் முறைப்பு வாங்கினாள். என் வீட்டுக்காரர் கைதட்டவில்லை. இரண்டு கையும் தொடையில் கிடந்தது. வயசாகிவிட்டது அவருக்கு, அந்தக் கைகளை நான் சரியாகப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. என் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, “சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன்.”

“கடுதாசியையுமா?”

“அதையும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “கடை பூட்டுனதும் தினம் அவ ஞாபகம் வரும் வடிவு” என்றார். “அப்பான்னு கூப்பிட்டவளப் போயி, கேக்காமப் போனான்னு எழுதிட்டேன்.” இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இல்டிகோ மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து என் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞானதுரை நன்றியுரையை ஆரம்பித்தார், கண் டாக்டருக்கு, தலைமையாசிரியைக்கு, பந்தல் போட்டவருக்கு, ஒருவர் விடாமல். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்து விறைத்து, மடியில் இரண்டு கையும் இறுகக் கோத்து. அவ்வளவு வருஷமும் ஒரு செத்த பிள்ளைமேல் கிடந்த கோபம் இப்போது இடம் மாறி என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அதன் சூடு என் தோளில் படுகிற மாதிரி இருந்தது. நன்றியுரை நீண்டுகொண்டே போனது. நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளவில்லை.